கறுப்பு பெயிண்ட்ல பாலிஷ் போட்டும் மங்கலா இருக்கா? மெக்வயர்ஸ் எம்205 ரிவ்யூ

கறுப்பு வண்டி வச்சிருக்கவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் நல்லாவே தெரியும். பெயிண்டிங் முடிஞ்சதும் டஸ்ட் எடுக்க 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டு தேய்க்கற நைஸான உப்புத்தாள்) போட்டு தேய்ப்பாங்க, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட்ங்கற கீறல தேய்ச்சு எடுக்கற பேஸ்ட்ட வச்சு ரோட்டரி மிஷின்ல (ஒரே இடத்துல நேரா சுத்தற டைப்) கம்பளி பேட் போட்டு அடிச்சு கையில குடுத்துடுவாங்க, ஷெட்டுக்குள்ள டியூப் லைட்ல பளபளன்னுதான் இருக்கும், வெயில்ல கொண்டாந்து நிறுத்துனா பானட் பூரா சாம்பல் பூத்தாப்ல மங்கல். எங்க வண்டியிலயும் அதே கதைதான், கேட்டா "வாக்ஸ் போட்டா சரியாயிடும் சார்"னு சொல்லிட்டாங்க.

வாக்ஸ் போட்டா சரியாகாது, மறையும், அவ்வளவுதான். நாலு வாட்டி வாஷ் பண்ணா திரும்ப வந்து நிக்கும். ஏன்னா அது அழுக்கு இல்ல, காம்பவுண்டும் கம்பளியும் கிளியர் கோட்ல, அதாவது கலருக்கு மேல இருக்க நிறமில்லாத பூச்சுல, போட்ட பொடிப் பொடி கீறல். வெள்ளை, சில்வர்ல கண்ணுக்கே தெரியாது, கறுப்புல காட்டிக் குடுத்துடும்.

இதுக்குத்தான் மெக்வயர்ஸ் கம்பெனியோட எம்205ங்கற ஃபினிஷிங் பாலிஷ் வாங்குனேன், கூடவே அதே கம்பெனியோட கறுப்பு ஃபினிஷிங் ஃபோம் பேட். மிஷின் டிஏ, அதாவது சுத்திக்கிட்டே ஆடுற டைப், ரோட்டரி இல்ல. பேட்ல பட்டாணி சைஸுக்கு நாலு சொட்டு வச்சு, ரெண்டடிக்கு ரெண்டடி இடத்த மட்டும் எடுத்துக்கிட்டு, ஸ்பீட் 4ல மெதுவா குறுக்கும் நெடுக்குமா ஓட்டணும், கடைசி ரெண்டு சுத்துக்கு கைய அழுத்தவே கூடாது, மிஷினோட வெயிட்டே போதும். துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன், பாலிஷ் போடாத பாதி பானட் மங்கல், போட்ட பாதி பானட்ல மேல இருக்க தகரக் கூரையோட ஆணி வரைக்கும் தெரியுது. மனசு நிறைஞ்சு போச்சுங்க.

ஒரு விஷயம் முக்கியம். பழைய டைப் பாலிஷ்ல துகள் தேய தேய உடைஞ்சு நைஸாகும், அதனால காயற வரைக்கும் ஓட்டணும்பாங்க. இதுல இருக்க துகள் அப்படி உடையாது, ஆரம்பத்துலேர்ந்தே நைஸ்தான், ஃபினிஷ் எப்படி வருதுங்கறது பேட் எவ்ளோ சாஃப்ட், எவ்ளோ சுத்தம்ங்கறத பொறுத்து. ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் பேட்ட பிரஷ் வச்சு தட்டி விடுங்க. காம்பவுண்ட் போட்ட பேட்லயே இத போட்டீங்கன்னா மங்கல் போகாது, புதுசா இன்னும் மங்கல்தான் வரும்.

முடிஞ்சுதான்னு கண்ண நம்பாதீங்க. பாலிஷ்ல இருக்க எண்ணெயே கொஞ்சம் கீறல மூடி வைக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால தண்ணி கலந்து ஸ்ப்ரே பண்ணி துடைச்சுட்டு அப்புறம் வெயில்ல பாருங்க, அப்ப தெரியறதுதான் நிஜம்.

குறைன்னா, உள்ளூர் ரப்பிங் காம்பவுண்டோட ஒப்பிட்டா விலை ரொம்ப ஜாஸ்தி. அப்புறம் இது வாட்டர் பேப்பர் போட்ட கீறல எடுக்காது. மங்கலுக்கு நடுவுல நேர் நேரா கோடு தெரிஞ்சா பேப்பர் கீறல் இன்னும் இருக்குன்னு அர்த்தம், அதுக்கு 3000 நம்பர் பேப்பர் போட்டு நைஸாக்கிட்டு காம்பவுண்ட் திரும்ப ஓட்டித்தான் வரணும், எம்205 எத்தன வாட்டி ஓட்டுனாலும் வேஸ்ட். ஓரம், மடிப்பு வர்ற இடத்துலலாம் கிளியர் கோட் மெல்லிசா இருக்கும், அங்க டேப் ஒட்டிட்டு ஆரம்பிங்க. வெயில்ல சூடான பாடியில போட்டா காஞ்சு அப்பிக்கும், நிழல்ல ஆறவச்சு போடுங்க.

இதுல சிலிக்கான், வாக்ஸ் எதுவும் கிடையாது, அதனால புது பெயிண்ட் மேலயும் தைரியமா ஓட்டலாம். வாக்ஸ் மட்டும் பெயிண்ட் நல்லா காயற வரைக்கும் வேணாம், எவ்ளோ நாள்னு பெயிண்ட் அடிச்சவங்ககிட்டயே கேட்டுக்கோங்க.