சின்ன வெங்காயத்துக்கு ‘வேம்’ குருணை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோவை தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பச்சைப் பையில் வரும் ஒரு ‘மைக்கோரைசா’ குருணையை இந்தப் பட்டத்துக்கும் கடைகளில் இறக்கியிருக்கிறார்கள். மைக்கோரைசா என்றால் பயிரின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, வெங்காயத்துக்கு உதவும் வகையை ‘வேம்’ என்பார்கள். 4 கிலோ பை 1,200 ரூபாய். புகார் விசாரணையில் இருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை, அடுத்த லோடு வேறு பெயரில் வரும். பையைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.

எனக்கு இது வந்து சேர்ந்த வழி யூரியா. கடையில் யூரியா கேட்டால், “இதையும் சேர்த்து எடுத்தாத்தானுங்ணா போட முடியும்” என்றார்கள். யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டி விற்பது சட்டப்படி தப்பு. ஆனால் நடவு முடிந்து மேலுரத்துக்கு நிற்கிறவன் கடை வாசலில் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது, அது கடைக்காரருக்கும் தெரியும். ஒரு பையோடு வந்தேன். இரண்டு நாளில் கம்பெனி ஆள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். நல்ல பேச்சுக்காரர். அடுத்த நடவுக்கு இதை அடியில் போட்டால் டிஏபி உரமே வேண்டாம், மண்ணில் கட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அந்தப் பூஞ்சை எடுத்துக் கொடுக்கும் என்றார். செல்போனில் ஒரு படம் காட்டினார்: கண்ணாடித் தொட்டியில் ஒரு நாற்று, அதன் வேரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று விசிறி மாதிரி பூஞ்சை இழை. “உங்க வெங்காய வேர்லயும் ஒரு மாசத்துல இப்படிப் பார்க்கலாமுங்க” என்றார்.

அந்தப் படத்தில் இருந்தது பைன் நாற்று. பைன், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் வேருக்கு வெளியே உறை போட்டு வளரும் பூஞ்சை ஒரு வகை, அது கண்ணுக்குத் தெரியும். வெங்காயம், மக்காச்சோளம், மஞ்சள், வாழை இவற்றுக்கெல்லாம் வருவது வேறு வகை. வேருக்கு உள்ளே போய்த் தங்குவதால்தான் அதை வேர் உட்பூசணம் என்கிறார்கள், வேம் என்பதும் இதுதான். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேக வைத்து, டிரிபான் நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். வெள்ளை நூலைக் காட்டி வேம் விற்கிறவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே ஏமாற்றுகிறவர்.

சரி, போட்டதில் என்ன நடந்தது? அடுத்த நடவில் ஒரு ஏக்கருக்குப் போட்டோம். பை பற்றாமல் கடைசிப் பாத்திகள் கொஞ்சம் குருணை இல்லாமலே நின்றன. ஒரே வாரத்தில் போட்ட இடமெல்லாம் தாள் கரும்பச்சை. ஊரே வந்து பார்த்தது. ஆனால் இந்தப் பூஞ்சை முளைத்து வேருக்குள் போய்ப் பரவவே மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பச்சை கட்டுகிறது என்றால் அது தழைச்சத்து, அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜன், செய்கிற வேலை. பையின் அடியில் தங்கியிருந்த குருணையில் ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்குப் போனது, அடியில் வெறும் களிமண் குழம்பு. குருணைக்கு மேல் ஹியூமிக் (மக்கிய பொருளிலிருந்து எடுப்பது) சாயம் பூசி, கொஞ்சம் யூரியாவும் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அறுவடையில் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் காய் திரளவில்லை. அந்த ஆள் சொன்னபடி டிஏபியை நிறுத்தியதுதான் காரணம். பொடிக்காய் என்று வியாபாரி கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்து எடுத்தார். குருணைக்குக் கொடுத்த காசை விட அடி இதில்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டால், “நீங்க கார்பெண்டசிம் ஊத்தியிருப்பீங்க, பூஞ்சை செத்துருச்சு” என்றார்கள். கெட்டிக்காரப் பதில்தான். கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லி, அதை வேரில் ஊற்றினால் இந்தப் பூஞ்சை பாதிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அப்புறம் யூரியா வாங்கும்போது தலையில் கட்டிய இன்னொரு பை பிரிக்காமலே என்னிடம் இருந்தது. என் அத்தை மகள் வேளாண் நுண்ணுயிரியல் படித்தவள். அந்தப் பையைக் கொண்டுபோய்ப் பிரித்து, குருணையைத் தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கொன்று சன்னமான சல்லடைகளில் வடித்துப் பார்த்தாள். நல்ல வேம் என்றால் சல்லடையில் தங்கியதை லென்ஸில் பார்க்கும்போது வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாகக் குட்டி உருண்டைகள் கிடக்கும், அவைதான் வித்துகள். இதில் மணல் மட்டும் கிடந்தது. தொட்டியில் சுத்தமான மண்ணோடு கலந்து சோளம் போட்டு, அந்த வேருக்கும் சாயம் ஏற்றினாள். ஒரு கோடு நீலம்கூட ஏறவில்லை.

அவள்தான் பையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். முன்னால் பெரிய எழுத்தில் மைக்கோரைசா. பின்னால் எறும்பு எழுத்தில் ‘மண் வளமூட்டி’. பில்லிலும் அதுவேதான், அதுவும் பில் கிடையாது, எஸ்டிமேட் சீட்டு. அதற்குக் கீழே ‘கிராமுக்கு 2 கோடி சிஎஃப்யு’ என்று போட்டிருந்தது. இந்த ஒரு வரியே போதும். சிஎஃப்யு என்பது ஆய்வகத் தட்டில் கூழ் ஊற்றி வளர்த்து எண்ணுகிற கணக்கு. அசோஸ்பைரில்லம் மாதிரி பாக்டீரியாவுக்கு அது சரி, டிரைக்கோடெர்மா மாதிரித் தனியே வளரும் பூஞ்சைக்கும் சரி. வேர் உட்பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது. தட்டில் வளராததைத் தட்டில் எப்படி எண்ணினார்கள்?

வேம் தயாரிப்பது அதனால்தான் மெனக்கெட்ட வேலை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு மீட்டர் நீள அகலத்தில் குழி எடுத்து, கருப்பு பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளும் 5 கிலோ சுத்திகரித்த மண்ணும் நிரப்பி, தாய் வித்து 1 கிலோ போட்டு, மக்காச்சோளம் விதைத்து 60 நாள் வளர்க்க வேண்டும். அப்புறம் தட்டையை வெட்டிவிட்டு வேரை நறுக்கி அதோடு கலப்பார்கள். கையில் எடுத்தால் லேசாக இருக்கும், மைக்கா மாதிரி மினுக்கும், வேர்த்துண்டு தெரியும். கேரட் வேரை ஆய்வகத்தில் வளர்த்து அதில் பூஞ்சையைப் பெருக்கும் முறையும் உண்டு, அது தூளாகவோ குருணையாகவோ வரும். அதனால் மினுக்காதது எல்லாம் போலி என்று சொல்ல மாட்டேன். அங்கேதான் லேபிளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உயிர் உரங்கள் 2006-லேயே 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. மைக்கோரைசாவுக்கும் அதில் அளவு உண்டு: வித்து, வேர்த்துண்டு எல்லாம் சேர்த்து, முளைக்கும் திறனுள்ளவை கிராமுக்குக் குறைந்தது 100. தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்தச் சரக்குக்கு ‘ஓ’ படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி கடைக்குக் கொடுக்கும் மூலச் சான்று அது. இருக்கிறவர் காட்டுவார், இல்லாதவர் கோபப்படுவார். ‘மண் வளமூட்டி’ என்று எழுதுவதே இந்த வலையில் சிக்காமல் இருக்கத்தான்.

இன்னொரு அடையாளம், பயிர்ப் பட்டியல். இந்தப் பையில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் இருந்தது. கோஸ், கடுகு, முள்ளங்கிக் குடும்பத்து வேரில் இந்தப் பூஞ்சை சேராது, பீட்ரூட்டிலும் அப்படித்தான். எங்கள் பக்கம் பீட்ரூட் போட்டவர்கள் ஏக்கருக்கு இரண்டு பை போட்டிருக்கிறார்கள். அசல் வேமே போட்டிருந்தாலும் அவர்களுக்கு அது வீண்தான். டிஏபி கொட்டிக் கொட்டி மணிச்சத்து ஏறிப்போன காய்கறி நிலத்திலும் பூஞ்சை வேரில் சரியாக ஒட்டாது, முதலில் மண் பரிசோதனை பாருங்கள்.

பூஞ்சை மேல் எனக்குக் கோபம் இல்லை. வெங்காயத்துக்கு வேர் குட்டை, வேர்த்தூவியும் குறைவு. வேர் எட்டாத இடத்திலிருந்து இந்த இழைதான் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். இந்த முறை பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையில் வாங்கிப் போட்டிருக்கிறேன், அடியுரத்தை ஒரேயடியாக நிறுத்தாமல்.

பணம் திரும்பவில்லை. கடைக்காரர் கம்பெனியைக் காட்டுகிறார், கம்பெனி என் மண்ணைக் காட்டுகிறது. வட்டார வேளாண் உதவி இயக்குநருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாம் பிரித்த பையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கடை இருப்பில் இருக்கும் பிரிக்காத பையை உர ஆய்வாளரே மாதிரி எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் கடையில் இன்னும் சரக்கு இருக்கும்போதே புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. எஸ்டிமேட் சீட்டாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். பையின் இரண்டு பக்கத்தையும், தொகுதி எண் தெரிகிற மாதிரி, படம் எடுத்து வையுங்கள்.

அதே ஆள் இப்போது வாழைக்காரர்களிடம் சுற்றுகிறார் என்று கேள்வி. பை நீல நிறமாம்.