24 ரோஜாவுக்குப் பணம், வந்தது 15: இணையத்தில் பூங்கொத்து அனுப்பும் முன் படியுங்கள்

முந்தாநாள் நடந்தது. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

அக்காவின் பிறந்தநாளுக்கு, பூங்கொத்தை வீட்டுக்கே அனுப்பும் ஒரு இணையதளத்தில் ஆர்டர். 24 க்ரீம் ரோஜா, தண்டு 60 செ.மீ., முழுப் பணமும் முன்கூட்டியே. குறிப்பில் எழுதியது: "லில்லி வேண்டவே வேண்டாம், வீட்டில் பூனை இருக்கிறது." உடனே பதில் வந்தது: "கவலையே வேண்டாம், பூக்கட்டுபவரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டோம்." அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் போனது.

போய்ச் சேர்ந்தது 15 ரோஜா, 3 தண்டு லில்லி, மீதி இடத்தை அடைக்க ஜிப்சோபிலா என்ற பொடி வெள்ளைப் பூ. வாங்கியது 24 ரோஜாவுக்கான பணம்!

பூனைக்கு லில்லியின் இதழ், இலை, மகரந்தம் எல்லாமே நஞ்சு. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டுவிடும். மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தாலும் ஆபத்து போகாது. நல்லவேளை, பூனை கிட்டே வருமுன் அக்கா லில்லியை வெளியே போட்டுவிட்டாள்.

ரோஜாவும் பழசு. இதழ்கள் காம்போடு சேரும் இடத்தை இரு விரலால் மெல்ல அழுத்தினால் திண்ணென்று இருக்க வேண்டும். இவை பஞ்சாக அமுங்கின. முரட்டு வெளியிதழ் ஒன்றிரண்டை அழகுக்காக எடுப்பது வழக்கம்தான், அது தப்பில்லை. இங்கே இரண்டு மூன்று அடுக்கே உரிக்கப்பட்டிருந்தது, பழுப்பை மறைக்க. மறுநாள் காலை பாதிப் பூ கழுத்து ஒடிந்து தொங்கியது. தண்டின் நுனியில் காற்றோ பாக்டீரியாவோ அடைத்து, தண்ணீர் மேலே ஏறாததால் வருவது இது. நுனியை 3 செ.மீ. சாய்வாக வெட்டி, பூவைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, ஆழமான தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் புதுப்பூ நிமிர்ந்துவிடும். இவை நிமிரவில்லை.

கேட்டால் என்ன பதில்? முதலில் "படம் அனுப்புங்கள்". அனுப்பியதும் "பூ இயற்கைப் பொருள், சற்று மாறுபடும்". பிறகு "இருப்பு இல்லாததால் ஒப்பான பூ மாற்றப்பட்டது, விதிமுறையில் இருக்கிறது". வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பூ எப்படி ஒப்பான பூ ஆகும்? கடைசியில் அடுத்த ஆர்டருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன், அத்தோடு உரையாடல் மூடப்பட்டது. 24 ரோஜாவுக்கான பணம் வரவில்லை.

இப்படிப்பட்ட தளங்கள் பலவற்றிடம் பூவே கிடையாது. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஏதோ ஒரு பூக்கடைக்கு அனுப்புகின்றன. கடைக்காரர் அந்த மீதிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் கட்டுவார். பணம் கொடுத்தவர் பூவைப் பார்ப்பதில்லை, பெற்றவர் பரிசைக் குறை சொல்வதில்லை. இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடக்கிறது. அக்காவும் முதலில் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னாள். படம் கேட்ட பிறகே உண்மை தெரிந்தது.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. பெறுபவர் ஊரிலுள்ள பூக்கடைக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். தண்டின் எண்ணிக்கையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "மாற்றுப் பூ என்றால் கேட்காமல் அனுப்பக் கூடாது" என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டிய கொத்தின் படம் வந்த பிறகே மீதிப் பணம். பூனை உள்ள வீடு என்றால், பூ வாசலுக்கு வருமுன் பெறுபவரிடமே சொல்லிவிடுங்கள், பிரித்துப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று.