வெள்ளவத்தை மாடி வீட்டில் ஒரு மெட்டாலிக்கா பின்போல்

பின்போல் என்றால், சரிந்த பலகையில் உருளும் இரும்புக் குண்டைக் கீழே விழவிடாமல், பொத்தானால் இயங்கும் சின்னத் துடுப்புகளால் (பிளிப்பர்) அடித்து விளையாடும் மெஷின். இது வீட்டுக்கு வந்து 14 மாதமாகிறது. முதல் மாதமே எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஸ்டேர்ன் கம்பனி 2013இல் விட்ட மெட்டாலிக்கா (அந்த ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பெயரில் வந்தது), விலை குறைந்த புரோ மொடல், ஜோன் போர்க் வடிவமைத்தது. மெல்பேர்னில் இருக்கிற சித்தப்பா வீடு மாறும்போது கொன்டெய்னரில் ஏற்றி அனுப்பினார். அங்கே ஓடிய மெஷின் என்பதால் நம்முடைய 230 வோல்ட்டில் அப்படியே வேலை செய்தது, பிளக்கை மட்டும் மாற்றினேன். அமெரிக்காவில் இருந்து எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள், அங்கே கரண்ட் வேறு.

எடை 100 கிலோவுக்கு மேல். காலைக் கழற்றிப் பின்பெட்டியை மடித்தும் லிப்டுக்குள் போகவில்லை. நாலு பேர் மூன்று மாடி தூக்கினார்கள், அதற்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். 12 பாட்டு இருக்கிறது, தொடங்கும்போதே எது வேண்டும் என்று பிளிப்பர் பொத்தானால் தெரிவு செய்யலாம். பலகையில் மின்சார நாற்காலியில் ஸ்பார்க்கி என்று ஒருவன் உட்கார்ந்திருப்பான், குண்டு போய் இடித்தால் பாவி கிடந்து துடிப்பான், அவனை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பல குண்டுகள் ஒன்றாக இறங்கும், அந்த நேரம் டிரம்ஸ் எது பிளிப்பர் எது என்றே பிரிக்க முடியாது. 80 கிராம் இரும்புக் குண்டு மரத்தில் உருளும் அதிர்வு உள்ளங்கை வரை ஏறும். கம்பஸ் காலத்தில் இருந்து ஹெட்போனில் கேட்ட பாட்டுகள்தான், ஆனால் இப்படிக் கையால் கேட்டதில்லை. மெஷினைத் திரும்பத் திரும்பப் பலமாகத் தள்ளிவிட்டால் டில்ட் என்ற தண்டனை விழும், பிளிப்பர் செத்துவிடும், கோபம் வரும், திரும்பவும் ஸ்டார்ட் அழுத்துவேன்.

குறை என்றால், குண்டைப் பலகையில் இருக்கும் சவப்பெட்டிக்குள் அடித்து இறக்கும் சம்மட்டி விலை கூடிய மொடலில்தான், புரோவில் இல்லை. வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லாம் "சம்மட்டி எங்கே?" என்று கேட்கிறார்கள், எனக்கு எரிகிறது.

உண்மையான பிரச்சினை கடல்காற்று. காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை எங்களது, ஜன்னலைத் திறந்தால் உப்பு. மூன்றாவது மாதம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், குண்டுகளில் சின்னச் சின்னத் துருப்புள்ளி. அதோடு ஓடவிட்டால் பலகையையே கீறிவிடும். இப்போது புதுக் குண்டு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், கண்ணாடிக்கு அடியில் சிலிக்கா பொட்டலம் போடுகிறேன், அந்த அறை ஜன்னல் மூடியே கிடக்கும்.

அப்புறம் சத்தம். வொல்யூமைக் குறைக்கலாம், குண்டு மரத்தில் இடிப்பதைக் குறைக்க முடியாது. கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் மேலே வந்து, "தம்பி, தச்சுவேலை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தேன், இரவு எட்டரைக்குப் பிறகு தொடுவதில்லை. கீழ்த்தள வீடும் கடலுக்குக் கொஞ்சம் தூரமும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். என்னைப் போல மூன்றாம் மாடி என்றால் முதலில் லிப்ட் கதவை அளந்து பாருங்கள்.