ஒரு கவுனும் ஒரு கையெழுத்து மனுவும்

படம் ஜிப்பில் தொடங்குகிறது. பிரான்சில் ஒரு புறநகர்த் தெரு. சீராக வெட்டிவிட்ட புல்தரை, பளிச்சென்று வீடுகள். அன்று ஒரு வீட்டில் விருந்து. வீட்டுக்கு வீடு பெண்கள் உடுத்திக்கொண்டிருக்கிறார்கள், கணவன்மார் பின்னால் நின்று ஜிப்பை இழுத்துவிடுகிறார்கள். நடுவில் இன்னொரு ஆளும் தயாராகிறது. ஹீல்ஸ் செருப்புக்குள் நுழையும் சின்னக் கால், உதட்டுச்சாயம், காதில் தொங்கட்டான். முகத்தை மட்டும் காட்டமாட்டேன் என்கிறார்கள். விருந்தில், புதிதாகக் குடிவந்த அப்பா தன் குடும்பத்தை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது இளஞ்சிவப்புக் கவுனில் ஒரு குழந்தை வந்து நிற்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். இந்த வீட்டுப் பெண்பிள்ளை என்று நினைத்துத் தட்டிய கைதட்டல் அது. வீட்டார் ஆண்பிள்ளை என்று சொல்கிற குழந்தை அது என்று தெரிந்ததும் அம்மா ஒரு சிரிப்புச் சிரித்து, விளையாட்டுக்குப் போட்டுக்கொண்டதாகச் சமாளிக்கிறார். கூட்டமும் சேர்ந்து சிரித்துவிடுகிறது.

அந்தச் சிரிப்பு எப்போது நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பதுதான் ‘மா வி ஆன் ரோஸ்’ (இளஞ்சிவப்பில் என் வாழ்க்கை) என்ற பிரெஞ்சுப் படத்தின் கதை. 1997-ல் வந்தது. பெல்ஜியக்காரரான அலென் பெர்லினரின் முதல் முழுநீளப் படம். கிரிஸ் வாந்தர் ஸ்டாப்பனுடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். அந்த வருடம் செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் முதல் பரிசும், 1998-ல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான கோல்டன் குளோபும் வாங்கியது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எனக்கு இவ்வளவு காலம் கழித்து, தம்பி மகள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துத்தான் கிடைத்தது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. சினிமா பற்றி எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் இதில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன்.

லுதோவிக்குக்கு ஏழு வயது. ஆண்பிள்ளை என்று வீடு சொல்கிறது. பெண் என்று அந்தக் குழந்தை சொல்கிறது. குழந்தை சொல்வதையே நானும் வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஓர் அக்கா, இரண்டு அண்ணன்மார். அப்பா பியருக்கு வேலை கொடுத்திருக்கும் ஆல்பர்ட் அதே தெருவில்தான் குடியிருக்கிறார். ஆல்பர்ட்டின் மகன் ஜெரோமும் லுதோவிக்கும் ஒரே வகுப்பு. பெரியவளானதும் ஜெரோமைக் கல்யாணம் செய்துகொள்வது என்று லுதோவிக் முடிவெடுத்துவிட்டாள். மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர், வகுப்புத்தோழனின் அப்பா என்று மூன்றும் ஒரே மனிதர். இந்த ஒரு ஏற்பாட்டை வைத்தே கதையை நகர்த்திவிடுகிறார்கள். தெருவில் பேர் கெட்டால் சம்பளமும் கெடும். நம் ஊரில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

லுதோவிக் தனக்கு நடந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. எக்ஸ், ஒய் குரோமோசோம் பற்றி அக்காவிடமிருந்து தெரிந்துகொள்கிறாள். உடனே மனதுக்குள் ஒரு படம் ஓடுகிறது. கடவுள் மேலே இருந்து அவளுக்கான எழுத்துகளைப் புகைபோக்கி வழியாகப் போடுகிறார். வரவேண்டிய ஒரு எக்ஸ் தவறிப்போய்க் குப்பைத்தொட்டியில் விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். யார் மேலும் கோபம் இல்லை, அழுகை இல்லை. சரக்கு மாறி வந்துவிட்டது, எப்படியும் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை. ஜெரோமிடம் இதை விவரிக்கும்போது லுதோவிக்காக நடிக்கும் ஜார்ஜ் து ஃப்ரேனின் முகத்தைப் பாருங்கள். குழந்தை நட்சத்திரங்களுக்கு நாம் பழகிப்போன அந்த முந்திரிக்கொட்டைத்தனம் துளிகூடக் கிடையாது. தனக்குத் தெரிந்த ஒரு தகவலைச் சொல்கிறாள், அவ்வளவே.

தொலைக்காட்சியில் வரும் பாம் என்ற பொம்மைப் பெண்ணின் உலகத்துக்குள் அவள் அடிக்கடி போய்வருகிறாள். அந்த இடங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஜிகினா கொஞ்சம் தூக்கல். குழந்தையின் கற்பனை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் பாட்டி எலிசபெத் அவளோடு சேர்ந்து அந்தப் பாட்டுக்கு ஆடுவது மட்டும் வேறு ரகம். எலென் வின்சன் நடித்த அந்தப் பாட்டி பேத்திக்கு உபதேசம் எதுவும் செய்வதில்லை. கூட ஆடுகிறார்.

முதல் விரிசல் ஜெரோம் வீட்டில் விழுகிறது. அங்கே ஓர் அறையைப் பூட்டிவைத்தது போலவே வைத்திருக்கிறார்கள். இறந்துபோன மகளின் அறை. குழந்தைகள் இருவரும் அதற்குள் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். லுதோவிக் மணப்பெண், இறந்த பெண்ணின் உடையில். ஜெரோமின் அம்மா வந்து பார்த்து மயங்கி விழுகிறார். அந்தத் தாயைப் படம் கேலி செய்யவில்லை, அது எனக்குப் பிடித்தது. அந்த உடையை அப்படிப் பார்த்தால் யாருக்கும் ஈரக்குலை பதறும். ஆனால் ஒரு வீட்டின் துக்கம் எப்படி இன்னொரு வீட்டுக் குழந்தையின் மேல் குற்றமாகத் திரும்புகிறது என்பதை அங்கிருந்துதான் காட்டத் தொடங்குகிறார்கள்.

அப்புறம் பள்ளி நாடகம். ஸ்னோ ஒயிட் வேடத்துக்கு வேறொரு சிறுமி, இளவரசன் ஜெரோம். லுதோவிக் அந்தச் சிறுமியைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்னோ ஒயிட் கிடக்க வேண்டிய பெட்டிக்குள் தான் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பூட்டியது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் வகுப்பாக இருந்தால் கூப்பிட்டுக் கண்டித்து, அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருப்பேன். ஆனால் பெற்றோர் கொதித்தது அதற்காகவா? கவுனைப் போட்டுக்கொண்டு இளவரசனுக்காகக் காத்துக் கிடந்ததற்குத்தானே.

அதன் பிறகு தலைமையாசிரியர் அறை. லுதோவிக்கைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மற்றப் பெற்றோர் கையெழுத்துப் போட்ட மனு அவரிடம் இருக்கிறது. படத்தில் பெரிதாக நீட்டாத காட்சி. நான் நிறுத்தி மறுபடி பார்த்தது இதைத்தான்.

எனக்கு இந்த மனுக்களைத் தெரியும். எங்கள் பள்ளிக்கும் வரும். தண்ணீர்த் தொட்டிக்கு வரும், சத்துணவு முட்டைக்கு வரும், இன்ன டீச்சர் வேண்டாம் என்று வரும். முதல் கையெழுத்துப் போடுபவருக்குத்தான் உண்மையில் ஏதாவது குறை இருக்கும். அவருக்குக் கீழே போடுகிறவர் முதல் ஆளின் முகத்துக்காகப் போடுவார். பாதிக்கு மேல் தாண்டிவிட்டால், போடாமல் விட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்பதற்காகப் போடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவர் குறைவு. விருந்தில் கைதட்டிச் சிரித்த அதே தெரு இப்போது பேனாவைக் கையில் எடுத்திருக்கிறது. இவர்களில் ஒருவரிடமாவது தனியாகப் போய்க் கேட்டால், ‘எனக்கொன்றும் இல்லைங்க, எல்லாரும் போட்டாங்க’ என்பார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அந்தத் தலைமையாசிரியரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மனு வந்தால் என்ன? ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும்’ என்று சொல்லி மேசை டிராயரில் போட்டுப் பூட்டத் தெரியாத தலைமையாசிரியர் உலகத்தில் உண்டா? நல்ல காரியங்களுக்கான மனுக்களை எத்தனை டிராயர்கள் விழுங்கியிருக்கின்றன! இதை மட்டும் ஏன் உடனே நிறைவேற்ற வேண்டும்?

பிரான்சைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்த்துக்கொண்டு போவது என்று ஆசிரியர்களுக்காக, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2021-ல் ஒரு கையேடு வெளியிட்டது. கழிப்பறையிலிருந்து சீருடை வரைக்கும் யோசனைகள் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை இணையதளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்ததில் தமிழ்நாடு முன்னோடி, 2008-லேயே அமைத்தார்கள். அதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு நடந்த எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. மதியம் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். அம்மா ஹன்னாவாக மிஷேல் லரோக். தொடக்கத்தில் இவர்தான் குழந்தையின் பக்கம். அப்பாதான் எரிந்து விழுகிறார். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள், பலனில்லை. ஒரு கட்டத்தில் பெற்றோர் ஒரு யோசனை செய்கிறார்கள்: ஆசை தீரப் போடட்டும், தெளிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு விருந்துக்கு லுதோவிக்கைப் பாவாடையிலேயே அழைத்துப் போகிறார்கள். படத்தில் இந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து நடக்கிற ஒரே இடம் அதுதான். அதற்கான விலை உடனே வந்துவிடுகிறது. பியரை ஆல்பர்ட் வேலையை விட்டு நீக்குகிறார். வீட்டுச் சுவரில் அசிங்கமாக எழுதி வைக்கிறார்கள். அன்றிலிருந்து ஹன்னா மாறுகிறார். எல்லாம் உன்னால்தான் என்கிறார் குழந்தையிடம்.

இந்தத் திருப்பத்தில்தான் படம் ஜெயிக்கிறது என்பேன். ஹன்னாவின் பாசம் வற்றிப்போகவில்லை. மாதச் சம்பளம், வீட்டுக்கடன், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்பது என்று பாசத்தைத் தாங்கியிருந்த ஒவ்வொன்றாகத் தெரு உருவுகிறது. கடைசியில் அவர் கையில் ஒரு கத்தரி மிஞ்சுகிறது. லுதோவிக்கின் தலைமுடியை வெட்டுகிறார்.

அந்தக் காட்சி ஓடும்போது என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மொழி புரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. முதலிலிருந்தே லுதோவிக் அவருக்கு ஒரு பெண்குழந்தை.

“ஏம்மா, அந்தப் பொட்டப்புள்ளைக்கு எதுக்கு முடிய வெட்டுறா? வேண்டுதலா?”

“பையன் மாதிரி இருக்கணும்னு வெட்டுறாங்கத்தை.”

“பையனா? எதுக்கு?”

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். குழந்தை சத்தமே போடாமல் அழுகிறது, கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, முடி விழுந்துகொண்டே இருக்கிறது. “நிறுத்தச் சொல்லு” என்றார், என்னமோ நான் சொன்னால் ஹன்னா கேட்பார் என்பது போல. அதோடு விடவில்லை. “அவ மட்டும் என்ன பண்ணுவா? புருஷனுக்கு வேலை போச்சு. இன்னும் மூணு புள்ளைக இருக்கு” என்று ஹன்னாவுக்கும் வக்காலத்து வாங்கிவிட்டு வெங்காயத்தோடு எழுந்து போனார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். படமும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது.

குடும்பம் பிறகு க்ளெர்மோன் ஃபெரானுக்கு மாறிப்போகிறது. வண்ணமெல்லாம் வடிந்து படமே நீலம் பாய்ந்துவிடுகிறது. சின்ன வீடு, தெரியாத ஊர். அங்கே கிரிஸ் என்றொரு சிறுமி வருகிறாள், கவுன் என்றாலே ஆகாது. அவள் பிறந்தநாளில் லுதோவிக்கின் வீரன் வேடத்தை அவள் வாங்கிக்கொண்டு, தன் இளவரசி உடையை இவளுக்கு மாட்டிவிடுகிறாள். இதைப் பார்த்த ஹன்னா, குழந்தை வேண்டுமென்றே செய்தது என்று நினைத்து அத்தனை பேர் முன்னால் அடிக்கிறார். பார்க்க முடியவில்லை. ஆனால் கிரிஸ் மட்டும் கதைக்கு வேண்டும் என்று வந்தவளாகத்தான் எனக்குப் பட்டாள். இவளுக்கு ஏற்ற ஜோடியாக அளவெடுத்துச் செய்துவிட்டார்கள்.

முடிவிலும் அதே குறை. ஹன்னா மனம் மாறுவதற்குப் பாமின் கற்பனை உலகத்துக்குள் விழுந்து எழ வேண்டியிருக்கிறது. ஒன்றே கால் மணி நேரம் வேலை, கடன், கையெழுத்து என்று மண்ணிலேயே நடந்த படம், கடைசியில் பறக்கிறது. அதற்குப் பதில் ஹன்னாவும் பியரும் சமையலறையில் உட்கார்ந்து இனி என்ன செய்வது என்று பத்து நிமிடம் பேசியிருந்தால் எனக்குப் போதும். லுதோவிக்குக்குப் பன்னிரண்டு வயதாகும்போது என்ன ஆகும் என்ற கேள்வியையும் படம் தொடவில்லை. எங்களிடமிருந்து ஐந்தாம் வகுப்பு முடித்து நடுநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்தார்கள். அதாவது பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். நிர்வாணமோ வெட்டுக்குத்தோ கிடையாது. ஒரு குழந்தை கவுன் போடுகிற படத்துக்கே இந்தச் சான்றிதழ் என்றால் அந்தக் குழுவிலும் ஆல்பர்ட் வீட்டு ஆட்கள்தான் இருந்திருக்க வேண்டும்.

யார் பார்க்கலாம்? முதலில் ஆசிரியர்கள். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு, அதிலும் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறவர்கள். தமிழ் வசன வரி எனக்குக் கிடைத்த பிரதியில் இல்லை. ஆங்கில வரி எளிதுதான், ஆனால் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. குழந்தைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். லுதோவிக் காணாமல் போய், வீட்டு ஃப்ரீஸர் பெட்டிக்குள் இருந்து அவளைக் கண்டெடுக்கும் காட்சி ஒன்று வருகிறது. வாழ வேண்டாம் என்று அவளே போய்ப் படுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள், ஓட்டிவிட்டுக் கடந்து போகாதீர்கள்.