பிந்தி வந்தவர்களா, வாயிலைத் திறந்தவர்களா? ஹில்ஸ்பரோ குறித்த இரு வாதங்கள்

யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கில் உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு நெருக்கியடித்து வெளியேறும் எங்களிடையே, நெரிசலில் உயிர் போனால் பொறுப்பு யாருடையது என்ற விவாதம் எழும்போது, 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலுள்ள ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் ஏற்பட்டு 97 உயிர்களைப் பறித்த நெரிசலே முதலில் நினைவுக்கு வரும்.

பிந்தி வந்த, குடித்திருந்த லிவர்பூல் இரசிகர்களே காரணம் என்பது ஒரு வாதம். நல்லூர்த் தேரன்று இடிபட்டவர்கள் இதற்கு உடனே தலையசைக்கக்கூடும். ஆனால் பின்னால் வருபவருக்கு முன்னால் மூச்சுத்திணறுபவரைத் தெரியாது.

மற்றைய வாதம் பொலிஸாரைச் சுட்டுகிறது. வெளியே திரண்டவர்களுக்காக 'சி' வாயிலைத் திறக்க உத்தரவிட்ட அதிகாரி, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக்கூண்டுகளுக்கு (இரசிகர்கள் நின்று பார்க்கும், வேலியடைத்த பகுதிகளுக்கு) இட்டுச்சென்ற சுரங்கவழியை மூடச் செய்யவில்லை. அத்துடன், வாயிலை இரசிகர்களே உடைத்ததாகவும் பொய் கூறினார். பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என, நீதிபதி டெய்லர் தலைமையிலான அரச விசாரணை கண்டது. 2016 இல் மரண விசாரணை ஜூரிகள், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் எனவும், இரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல எனவும் தீர்மானித்தனர். ஆயினும் 2019 இல் அந்த அதிகாரி குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார்.

நான் இரண்டாவது வாதத்தையே ஏற்கிறேன். ஆனால் ஒருவருடைய தலையில் மட்டும் பழியை இறக்கிவைக்க மனம் ஒப்பவில்லை. ஏனெனில் 1979 இல் வழங்கப்பட்ட அரங்கின் பாதுகாப்புச் சான்றிதழ், பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களுக்கேற்பத் திருத்தப்படாமலேயே கிடந்தது.