கருமணலுக்கு ஒன்று, சரல் மண்ணுக்கு இன்னொன்று: குமரி மாவட்டத்தில் எந்த மெட்டல் டிடெக்டர் எடுபடும்?

டிடெக்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அடி ஆழம் எடுக்கும்?" என்றுதான். பெட்டியில் போட்டிருக்கும் ஆழம், உப்பும் இரும்புக் கனிமமும் குறைந்த சாதுவான மண்ணுக்கு உரியது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட மண் குறைவு. கடலோரத்தில் உப்பும் கருமணலும், மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் சரலும் (இரும்புச் சத்துள்ள செம்புறைக் கல் மண்), நடுவில் நாஞ்சில் நாட்டு வயல். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று விதமான மண். மூன்றுக்கும் ஒரே மெஷின், ஒரே செட்டிங் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

போட்டியில் இருப்பவை மூன்று வகை. ஒரே தாழ்ந்த அலைவரிசையில் இயங்கும் ஒற்றை ஃப்ரீக்வென்சி வி.எல்.எஃப், பல அலைவரிசைகளில் இயங்கும் மல்டி ஃப்ரீக்வென்சி, பல்ஸ் இண்டக்‌ஷன் என்கிற பி.ஐ.

வயலை முதலில் முடித்துவிடலாம். கும்பப்பூ அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் விழுந்த மோதிரத்தைத் தேடவோ, மண்ணுக்குள் போன வால்வு மூடியைக் கண்டுபிடிக்கவோ சாதாரண ஒற்றை ஃப்ரீக்வென்சி மெஷினே போதும். ஒருமுறை கிரவுண்ட் பேலன்ஸ் (மண் தரும் சத்தத்தைக் கழிக்கும் செட்டிங்) செய்துவிட்டு நடக்கலாம். இதற்கு அதிகம் செலவழிப்பது வீண்.

சிக்கல் தொடங்குவது மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மண்டைக்காடு கரையில். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்த கரை இது. இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் எல்லாம் கலந்த மணல். மோனசைட்டில் இருக்கும் தோரியத்தின் கதிர்வீச்சுக்கும் டிடெக்டர் கத்துவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொந்தரவு தருவது காந்தத்துக்கு இசையும் கனிமங்கள், முக்கியமாக இல்மனைட். மேக்னடைட் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. ஆனால் திட்டாகக் குவியும்போது அந்த வலுவின்மையை அளவு ஈடுகட்டிவிடும். தென்மேற்குப் பருவக் காற்றில் அலை கரையை அரிக்கும்போது லேசான வெள்ளை மணல் போய்விடும், எடை கூடிய கருமணல் தங்கிவிடும். அதனால் ஆடி மாதத்தில் ஒரு செட்டிங், தை மாதத்தில் வேறு செட்டிங்.

அங்கே கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும்போது கவனித்துப் பாருங்கள். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (மெஷினின் அடியில் இருக்கும் தேடும் தட்டை) ஒரு சாண் உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு விரல்கடை வரை ஏற்றி இறக்குகிறோம். காய்ந்த கருமணலில் மெஷின் காட்டும் கிரவுண்ட் பேலன்ஸ் எண் மேலே போய் நிற்கும். நாலு எட்டு எடுத்து ஈர மணலுக்குப் போய் அதையே செய்தால் எண் சரிந்துவிடும். பல மெஷின்களில் இரும்புக் கனிமம் மேல் எண்ணிலும் உப்பு கீழ் எண்ணிலும் உட்காரும். ஒற்றை ஃப்ரீக்வென்சி மெஷினால் இரண்டில் ஒன்றைத்தான் அடக்க முடியும். கனிமத்துக்குச் சரிசெய்தால் உப்பு கத்தும், உப்புக்குச் சரிசெய்தால் கனிமம் கத்தும். ஈரக் கருமணலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் சத்தம் அடங்கும், கையெட்டும் ஆழத்திலாவது வேலை நடக்கும். சத்தத்தோடு முழு சென்சிட்டிவிட்டியில் ஆட்டுவதைவிட அதுவே மேல். சின்ன காயில் போட்டால் இன்னும் நல்லது. பெரிய காயில் ஒரே நேரத்தில் அதிக மண்ணைப் பார்க்கும், அதிகத் தொந்தரவையும் வாங்கிக்கொள்ளும்.

மல்டி ஃப்ரீக்வென்சி இங்கேதான் காசுக்கு மதிப்பாகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரீக்வென்சிகளில் வரும் பதிலை ஒப்பிட்டு, உப்பையும் கனிமத்தையும் சேர்த்தே கழிக்கிறது. மைன்லேப் கம்பெனி 1990-களிலேயே இந்த வகையைக் கொண்டுவந்துவிட்டது. இப்போது நடுத்தர விலையிலும் வருகிறது. சொத்தவிளை, முட்டம், குளச்சல் கரையில் அலை நனைக்கும் பகுதியில் தேடுகிறவருக்கு என் முதல் வாக்கு இதற்குத்தான்.

பி.ஐ. வேறு வழியில் போகிறது. ஒரு துடிப்பு கொடுத்து நிறுத்திவிட்டு, சில மைக்ரோ செகண்ட் பொறுத்துக் கேட்கிறது. உப்பின் பதில் அதற்குள் தேய்ந்துவிடும், மோதிரத்தின் பதில் நிற்கும். ஆழமும் நன்றாக வரும். ஆனால் இரும்பா தங்கமா என்று நம்பிச் சொல்லாது. வள்ளத்து ஆணி, தூண்டில் முள், வலையில் கட்டும் ஈயக்குண்டு நிறைந்த மீன்பிடிக் கரையில் ஒவ்வொன்றையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும். பொறுமைசாலிக்கு மட்டும் ஏற்றது.

இதுவரை சொன்னது மோதிரத்துக்கு. பெரும்பாலும் கடலில் தவறுவது சங்கிலி. தாலிச் சங்கிலி தொலைத்துவிட்டுக் கரையில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்துக்கு இந்த உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: மெல்லிய சங்கிலி டிடெக்டருக்கு மிகக் கடினமான இலக்கு. எத்தனை பவுன் இருந்தாலும், கண்ணிகள் ஒன்றோடொன்று சரியாகத் தொடாததால் மெஷினுக்கு அது தனித்தனிச் சின்னக் கண்ணிகளாகத்தான் தெரியும். அந்தச் சின்னக் கண்ணியின் பதில் உப்பின் பதிலுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. உப்பை அடக்கும் செட்டிங் சங்கிலியையும் சேர்த்து அடக்கிவிடும். பி.ஐ.யிலும் அதே கதை. கண்ணியின் பதில் உப்போடு சேர்ந்து தேய்ந்துபோகும். சங்கிலியில் தாலிப் பொட்டோ கனமான டாலரோ இருந்தால் அதுதான் கைகொடுக்கும். காய்ந்த மணலில் விழுந்த சங்கிலி என்றால் நிலைமை தலைகீழ்: 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் விலை குறைந்த ஒற்றை ஃப்ரீக்வென்சி மெஷின்கூட பி.ஐ.யை வென்றுவிடும்.

தக்கலை, மார்த்தாண்டம், அருமனை பக்கம் போனால் பி.ஐ.க்கு இன்னொரு அடி. சரல் மண்ணில் இருக்கும் நுண்ணிய இரும்பு ஆக்ஸைடுகள் துடிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காந்தத்தை விடாமல் பிடித்திருக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் இல்லாத கடற்கரை பி.ஐ. அதை உலோகம் என்று எடுத்துக்கொண்டு முனகும். பழைய வீட்டு மனையில் கிடக்கும் செங்கல் துண்டும் ஓட்டுத் துண்டும் அதே வேலையைச் செய்யும், சூளையில் வெந்த களிமண்ணுக்குக் காந்த குணம் கூடிவிடுவதால். இங்கே கையால் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யக்கூடிய வி.எல்.எஃப்தான் என் தேர்வு, டி.டி. காயிலோடு (உள்ளே இரண்டு D வடிவச் சுருள்கள் உள்ளது). மல்டி ஃப்ரீக்வென்சி இருந்தால் நல்லதுதான், அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

கிரவுண்ட் பேலன்ஸை மெஷினே தானாக மாற்றிக்கொண்டே போகும் ஆட்டோ டிராக்கிங்கா, கையால் செய்வதா என்ற சண்டையும் மண்ணோடு சேர்ந்ததே. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக மாறும் மணவாளக்குறிச்சிக் கரையில் டிராக்கிங் போட்டுக்கொள்ளலாம். ஒரே மாதிரி மண்ணுள்ள ரப்பர் தோட்டத்தில் அது வேண்டாம். சின்னச் சத்தம் கேட்ட இடத்தில் காயிலைத் திரும்பத் திரும்ப ஆட்டினால், டிராக்கிங் அந்த உலோகத்தையே மண் என்று கணக்கில் எடுத்து அமுக்கிவிடும். கரையிலும் சத்தம் கேட்டதும் டிராக்கிங்கை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும், வட்டக்கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. மண்ணில் புதைந்த பழம்பொருள் எதுவும் கிடைத்து, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால், 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நேற்று ஒருவர் தொலைத்த மோதிரம் அவருக்கு உரியது. அதைத் தேடித் தரும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், அலை எதுவரை வந்தபோது விழுந்தது என்று அவர் காட்டினால் காய்ந்த மணலுக்கான செட்டிங்கா ஈர மணலுக்கான செட்டிங்கா என்பது அப்போதே முடிவாகிவிடும்.