இல்லாத பூச்சிக்கும் வாய் வேண்டும்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு பூச்சிப் பட்டறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் டீச்சர் ஒரு மயில் வரைவார், இருபது பிள்ளைகளும் அதே மயிலை வரைந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமூகக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் இந்தப் பட்டறை அந்த ரகமே இல்லை. மகளோடு போய்விட்டு வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணி நேரம், தலைக்கு 150 ராண்ட், காகிதமும் பசையும் அதிலேயே அடக்கம். பெரியவர்களும் உட்கார்ந்து செய்தே ஆக வேண்டும், ஓரமாக நின்று போன் பார்க்க விடமாட்டார்கள்.

உலகத்தில் இல்லாத ஒரு பூச்சியை உருவாக்க வேண்டும், அதுதான் வேலை. பென்சிலில் வரைந்து, தாளும் துணியும் வெட்டி ஒட்டி, கடைசியில் இறக்கைக்கும் முதுகுக்கும் புள்ளி, கோடு, வளையம் என்று வடிவங்கள் போட வேண்டும். மனம் போன போக்கில் செய்ய முடியாது. தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, ஆறு கால், காலும் இறக்கையும் மார்பிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று டீச்சர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுகிறார். வயிற்றில் கால் முளைத்த பூச்சிப் படங்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது ஒன்றே பெரிய விஷயம். அப்புறம் மூன்று கேள்வி: உங்கள் பூச்சி எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, அதைத் தின்ன வருவது எது? இதற்குப் பதில் இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

எங்கள் மேசையில் பேத்தியோடு வந்திருந்த ஒரு ஆயா பழைய பட்டுச்சேலைக் கரையை வெட்டி ஒரு வண்டு செய்திருந்தார், அரக்குச் சிவப்பு முதுகு, நடுவில் ஜரிகைக் கோடு, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில்தான், ஆனால் வயதானவர்களிடம் டீச்சர் தமிழில் பேசுகிறார். குனிந்து பார்த்து, “ரொம்ப அழகா இருக்கு ஆயா. இது என்ன சாப்பிடும்?” என்றார். “தேன்தான்மா.” “அப்போ வாய் எங்கே ஆயா?” ஆயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிச்சத் துணியிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவி, ஊசியில் இறுக்கிச் சுற்றி எடுத்து, அந்தச் சுருளை அப்படியே முகத்துக்குக் கீழே ஒட்டினார். பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழல் ஓய்வாக இருக்கும்போது அப்படித்தான் சுருண்டு கிடக்கும். அதுவரை அழகான பொம்மையாக இருந்தது அந்த நிமிஷம் பூச்சியாகிவிட்டது.

அலங்காரத்துக்காக மட்டும் எதையும் வைக்க டீச்சர் விடுவதில்லை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அதைக் காட்ட ஒரு பாட்டிலில் எலுமிச்சைக் கிளையைச் செருகி வைத்திருந்தார், அதில் நம் ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாகப் பறக்கும் கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுக்கள். சின்னப் புழு கறுப்பும் வெள்ளையுமாக அச்சு அசல் பறவை எச்சம் மாதிரி இருக்கிறது, எந்தக் குருவி அதைக் கொத்தும்? வளர்ந்தது இலையோடு இலையாகப் பச்சை. தூரிகை நுனியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தைக் கிளப்பியது, பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள்.

சாணி வண்டு பால்வீதியின் வெளிச்சப் பட்டையைப் பார்த்துத் திசை பிடிக்கிறது என்று 2013இல் வெளிவந்த ஆய்வையும் சொன்னார். அதில் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு, வண்டுகளுக்கு வானம் தெரியாதபடி குட்டி அட்டைத் தொப்பி போட்டுச் சோதித்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் என் மகள் தன் பூச்சியின் கண்ணைத் தலை உச்சிக்கு மாற்றிவிட்டாள்.

ஒட்டுவதற்குக் கொடுக்கும் பொருள்களில் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக இருந்தது, தக்காளிப் படத்தை இரண்டாக வெட்டினால் பொறிவண்டின் முதுகு தயார். ஆனால் என் ஓட்டு ஷ்வேஷ்வே துணிக்குத்தான். கிழக்குக் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவில் தா காமா ஆலை அச்சடிக்கும் அந்தப் பருத்தித் துணியில் நீலம், பழுப்பு, சிவப்பு மேல் பொடிப் பொடியாகப் புள்ளியும் வளையமும் இருக்கும், வண்டின் கெட்டி இறக்கைக்கென்றே செய்தது மாதிரி. துவைக்காத புதுத்துணியில் கஞ்சி விறைப்பாக இருப்பதால் ஓரம் பிசிறாமல் வெட்ட வருகிறது.

இங்கேதான் குறையும். கொடுக்கிற பசைக்குச்சி தாளுக்குச் சரி, துணிக்குச் சுத்தமாக ஆகாது, காரில் வரும்போதே ஒரு இறக்கை கழன்றுவிட்டது. வெள்ளைப் பசை ஒரு டப்பா வாங்கி வைத்தால் என்ன? மின்விசிறி மேசைக்கு நேர் மேலே சுற்றுகிறது, வெட்டி வைத்த துண்டெல்லாம் பறக்கிறது. கடைசியில் வடிவம் போடும் பகுதி ரொம்ப அவசரம், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நிறையப் பேர் புள்ளி வைத்து இறக்கை முழுக்கக் கோலமே போட்டுவிட்டார்கள். கோலம் நமக்குக் கைவந்த கலை, சரி. ஆனால் நிஜப் பட்டாம்பூச்சியில் இறக்கை நரம்புகள் பிரிக்கிற அறைகளை ஒட்டித்தான் பெரும்பாலும் புள்ளிகள் அமைந்திருக்கும். முதலில் நரம்பு வரைந்து, அந்த அறைகளுக்குள் கோலத்தைக் கொண்டுவந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும், கட்டணத்தை ஏற்றினாலும் கொடுப்பேன்.

போகிறவர்கள் அதற்கு முன்னால் நகர மண்டபக் கட்டடத்தில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் குவாநுனு பூச்சிப் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள், கால் எங்கே சேர்கிறது, இறக்கை எப்படி மடிகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் பென்சில் தயங்காது. ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம், கத்தரிக்கோல் கூர்மையானது. வீட்டில் கிழிந்த சேலைக் கரை, தையல்காரரிடம் மிச்சமான துணி எது இருந்தாலும் எடுத்துப் போங்கள், பசையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அடுத்த மாதம் இரவுப் பூச்சிகளாம், கறுப்புத் தாளில். நாங்கள் இரண்டு இடத்துக்குப் பணம் கட்டிவிட்டோம்.